மச்சான் பழுதுபார்த்த ரிசீவர்

என் மச்சான் வாழ்நாளில் சொன்ன பொய்கள் மொத்தம் ஒன்று. அந்த ஒன்றையும் உண்மையாக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு ஐந்து நாள் அவகாசம். அதில் நான்கு நாள் கடை உண்டு.

கடை என்றால் கண்ணாடிக் கடை. ஊரார் பார்வையைத் திருத்துகிறவன் நான். மூக்கின் மேல் ஒன்று, நெற்றியின் மேல் ஒன்று என்று இரண்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்றாவதைத் தேடுகிறவனும் நானேதான். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் என்று பழைய பெட்டிகளைத் திறந்து பார்ப்பது எனக்குத் தொழில் இல்லை. பொழுதுபோக்கு என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள். விருந்தாளி முன்னால் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. டைல்ஸ் போடுகிறவன். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். வீட்டில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும் கட்டை வைத்துப் பார்ப்பார்களே, அதுதான் ரசமட்டம். அந்தக் கட்டை அவன் கையில் இருப்பதைவிட அவன் கண்ணில் இருப்பதுதான் அதிகம். யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் டீயைத் தொடுவான். தட்டில் பிஸ்கட் வைத்தால் அவை அணிவகுத்து நிற்கும் வரை யாருக்கும் சாப்பிட அனுமதி கிடையாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், வாசலிலேயே நிற்கிறான். நான் உதறிய செருப்பு இரண்டையும் காலாலேயே ஒரு கோட்டுக்கு நகர்த்திவிட்டு, "அத்தான், அந்த ரிசீவர் பாடுமா?" என்றான்.

"பாடும். கூடவே ம்ம்ம்னு அதுவும் சேர்ந்து பாடும். ஏன்?"

"அந்த ம்ம்ம் இல்லாம?"

"கெப்பாசிட்டர் மாத்தணும். ஆறு வருஷமா மாத்தணும்னுதான் இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்த முடியுமா?"

ஒரே மூச்சில் அவன் மூன்று கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடை வருவதற்கு முன்னால் வழியைக் கேட்கிற ஆள்.

"யாருடா வரா ஞாயித்துக்கிழமை?" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

அரைமணி நேரக் குறுக்கு விசாரணையில் வெளிவந்தது இது. போன மாதம் இவன் ஒரு பெண் கால்நடை மருத்துவர் வீட்டுச் சமையலறைக்குத் தரை போட்டான். எட்டு நாள் வேலை, பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது. அந்த நான்கு நாள் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, "மூலைங்க நெறைய இருந்துச்சு" என்றான். அந்த மருத்துவர் தனியாக இருக்கிறவர். அலமாரி நிறையப் பழைய இசைத்தட்டுகள் வைத்திருக்கிறார், போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை.

"எங்க வீட்ல இருக்குன்னு சொன்னேன்."

"சரி, இருக்குதானே. இதுல என்ன?"

"பழசாச்சே, ஒழுங்கா ஓடுதான்னு கேட்டாங்க." நிறுத்தினான். "நானே ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நீயா?"

"வாய்ல வந்துடுச்சுக்கா."

"இந்த வீட்டுக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. உன் வாய்ல 'சரி', 'இல்ல' ரெண்டத் தவிர எதுவும் வந்ததில்ல. வந்ததும் வந்துச்சு, அதுவா வரணும்?"

"அதனாலென்ன, அத்தான்தான் பண்ணினார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போச்சு" என்றேன் நான்.

அவன் தரையைப் பார்த்தான். எங்கள் வீட்டுத் தரையும் அவன் போட்டதுதான். அதில் பார்ப்பதற்குப் பிழை ஒன்றும் கிடையாது.

"அவங்களுக்குப் பொய் ஆகாது அத்தான். அந்தச் சமையலறைல குழாய் ஒழுகிக்கிட்டு இருந்திருக்கு. சரி பண்ணிட்டேன், சரி பண்ணிட்டேன்னு மூணு பேர் சொல்லிட்டுப் போயிருக்காங்க. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றவனுக்கு என் வீட்டு வாசப்படி ஒரு தடவைதான்னு சொன்னாங்க. நான் வேலைக்குப் போன முதல் நாளே சொன்னாங்க."

"அது தெரிஞ்சுமாடா?"

"அதான் சொல்றேனே. வந்துடுச்சு."

சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிக்க முடியவில்லை. பத்து வருடமாக எத்தனையோ பேர் வீட்டுக் குளியலறையையும் கூடத்தையும் பளபளப்பாக்கிவிட்டு, சிமெண்டுக் கையோடு திரும்பி வந்து மாடி ஏறிப் படுத்துக்கொள்கிறவன். அவனைப் பார்ப்பதற்காக ஒருவர் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று நேரம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டி ம்ம்ம் என்று இழுத்தால் அவர் முதலில் பெட்டியைப் பார்ப்பார், அப்புறம் இவனைப் பார்ப்பார். மூன்றாவது முறை பார்க்க வரமாட்டார்.

"விடு. ஞாயித்துக்கிழமை அது பாடும்" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது.

"மிக்ஸியத் தொறந்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள் மனைவி.

"மிக்ஸி வேற, இது வேற."

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

அந்த ரிசீவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி, பக்கத்து டர்ன்டேபிளில் சுற்றும் இசைத்தட்டையும் அதுதான் பாடவைக்கும். முகம் வெள்ளி நிறம், உடம்பு மரம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். சுவிட்சைப் போட்டால் அலைவரிசை காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல வெளிச்சம் வரும். அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்து வாங்கினேன். அதன் நோய் எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். சுவரிலிருந்து வருகிற கரண்ட் விட்டு விட்டு வருகிற குழாய்த் தண்ணீர் மாதிரி. மாடியில் ஒரு தொட்டி இருந்தால் கீழே ஒரே சீராக விழும். ரிசீவருக்குள் அந்தத் தொட்டி வேலையைப் பார்ப்பவை இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள். சின்ன டம்ளர் அளவு இருக்கும். நாற்பது வருடத்தில் உள்ளே காய்ந்துவிடும். தொட்டி காய்ந்தால் குழாயின் விக்கல் அப்படியே பாட்டில் கேட்கும். அந்த விக்கல்தான் ம்ம்ம்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் இரண்டு கெப்பாசிட்டர் வாங்கி வந்தேன். பத்தாயிரம் மைக்ரோஃபாரட், அறுபத்து மூன்று வோல்ட். அன்று சாயங்காலம் அவற்றை வரவேற்பறை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், மச்சான் இரண்டையும் மேஜை விளிம்புக்கு இணையாக நகர்த்தி வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூடியைக் கழற்றினேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவனும் உட்கார்ந்தான். முதல் வேலை, உள்ளே மிச்சமிருக்கும் கரண்டை வடிப்பது. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் கோபத்தை உள்ளேயே வைத்திருக்கும், எங்கள் வீட்டம்மா மாதிரி. ஒரு ரெசிஸ்டரை இடையில் கொடுத்துப் பொறுமையாக வடிக்க வேண்டும். இந்த ஞானம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. ஒரு காலத்தில் அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்ததில், அதன் முனையில் ஒரு துண்டும் என் புருவத்தில் பாதியும் போயின.

வடித்தேன். மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்தேன். பழையவை எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்று போட்டோ எடுத்தேன். பழைய இரண்டையும் பழைய ஈயத்தை உருக்கிக் கழற்றினேன். புதியவற்றைச் செருகி ஈயம் வைத்தேன். ஈயம் வைப்பதில் என் கைவண்ணம் ஊருக்கே தெரியும். யாரோ போகிற போக்கில் துப்பிவிட்டுப் போன மாதிரி இருக்கும். பிடித்துக்கொள்ளும், அழகாக மட்டும் இருக்காது.

கெப்பாசிட்டரின் உடம்பில் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அது மைனஸ் பக்கம். வேலை முடிந்ததும் பார்த்தால், ஒன்றின் கோடு ஜன்னல் பக்கமும் மற்றதன் கோடு சுவர்ப் பக்கமும் இருந்தது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி படுத்திருக்கிற மாதிரி. மச்சான் அதை ஒரு முறை பார்த்தான். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தான்.

அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பதரை மணிக்கு ஒரு தாத்தா கண்ணாடி வாங்க வருவதாக இருந்தார். "மூடியப் போடாதே, நாளைக்குக் காலைல டெஸ்ட் பண்ணிட்டுப் போடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் குளித்து, சட்டை மாற்றி, இரண்டு கண்ணாடியையும் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தேன். மச்சான் ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டையில் சுவரோரமாக நின்றிருந்தான். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு தேர்வுக் கண்காணிப்பாளர் மாதிரி நின்றிருந்தாள்.

நான் எதையும் நேராகச் சுவரில் செருகுகிறவன் இல்லை. நடுவில் ஒரு குண்டு பல்பை வைத்துத்தான் கொடுப்பேன். பெட்டி நலமாக இருந்தால் பல்பு ஒரு முறை கண்ணைத் திறந்து உடனே மங்கிவிடும். உள்ளே எங்காவது கோளாறு இருந்தால் பல்பு முழுசாக எரியும், பெட்டி பிழைக்கும். இதையும் அவர்களுக்கு விளக்கினேன். கொஞ்சம் கூடுதலாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன்.

சுவிட்சைப் போட்டேன்.

பல்பு எரிந்தது. மங்கவில்லை. மங்கும் எண்ணமே அதற்கு இல்லை.

"அழகா எரியுதே" என்றாள் மனைவி. "இதுக்கா அஞ்சு நாளு?"

"எரியக் கூடாது."

"அப்ப அணைங்களேன்."

அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். ஒன்று சொல்வேன், நான் பதறவில்லை. நான் செய்கிற தப்புகள் எனக்குப் பழக்கம். அவற்றின் முகம் தெரியும், எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரியும். கரண்டை வடித்துவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டர் சும்மா இருந்தது. மற்றது வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன்.

இரண்டு வெள்ளைக் கோடும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி, அழகாக, ஒரே திசையில்.

பலகையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். ஒன்றின் காலடியில் என் கைவண்ணம், வழக்கமான துப்பல். மற்றதன் காலடியில் இரண்டு முத்து. உருண்டையாக, பளபளவென்று, ஒரே அளவில். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஈயம் வைத்ததில்லை, வைக்கப்போவதும் இல்லை.

திரும்பி மச்சானைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"நேத்து சாயங்காலம்" என்றான்.

"என்னடா நேத்து சாயங்காலம்?" என்றாள் அவன் அக்கா.

"ஒண்ணு திரும்பியிருந்துச்சு. நேராக்கினேன்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றேன் நான்.

"நீங்க தப்பா வெச்சுட்டீங்கன்னு நெனச்சேன் அத்தான். அதைப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சத்தம் போடாமச் சரி பண்ணிட்டா உங்களுக்கும் தெரியாது." சட்டை நுனியை நேராக்கினான். "அப்புறம், அவங்ககிட்ட நானே ரிப்பேர் பண்ணினேன்னு சொல்லியிருக்கேன்ல. ஒண்ணாவது நெஜமாவே நான் சரி பண்ணினதா இருக்கட்டுமேன்னு."

எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம் அது. வாசல் வரை வந்தது. உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டது. என் மானத்தையும் காப்பாற்றி, தன் பொய்யையும் உண்மையாக்கி, இரண்டு காரியத்தையும் ஒரே ஈயத்தில் முடிக்கப் பார்த்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

"மச்சான், இங்க பாரு. இதுல ஒண்ணு பூஜ்யத்துக்கு மேல நாப்பது வோல்ட், இன்னொண்ணு பூஜ்யத்துக்குக் கீழ நாப்பது. அதனால ரெண்டும் எதிரெதிராத்தான் நிக்கணும். நேரா நின்னாத் தப்பு."

அவன் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டே நின்றான். நேராக இருப்பதே தப்பாக இருக்கக்கூடிய ஓர் இடம் உலகத்தில் உண்டு என்று அவனிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.

"பல்பு இல்லாமப் போட்டிருந்தா?"

"வெடிச்சிருக்கும்."

"வெடிச்சிருந்தா அவங்க நல்லாக் கேட்டிருப்பாங்க, பாட்டு" என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலில் காரம் இல்லை. தம்பியின் சட்டைக் காலரை எதற்கோ ஒரு முறை நேராக்கிவிட்டாள். காலர் நேராகத்தான் இருந்தது.

தலைகீழாக நின்று சூடான கெப்பாசிட்டரை நம்ப முடியாது. புதிதாக வாங்க ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கழற்றிப் போட்ட பழையவை இரண்டையும் எடுத்து மீட்டரில் வைத்தேன். பத்தாயிரம் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று முனகியது. எல்லா விக்கலுக்கும் அதுதான் காரணம். மற்றது எட்டாயிரத்து எழுநூறு காட்டியது. கிழவனாக இருந்தாலும் கட்டை திடமாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு இவன் தாங்குவான். நாளைக்குப் புதுசு வாங்கிப் போட்டுடலாம். மணி என்ன?"

"பத்தே முக்கா" என்று மனைவி சொல்லி வாயை மூடவில்லை, வாசலில் மணி அடித்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தோம். மூடி இல்லாமல், வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் நான் அப்போதுதான் சூடேற்றப் போட்டிருந்த ஈயப்பற்றுக்கோல் புகைந்துகொண்டிருந்தது.

"துணியப் போட்டு மூடிடலாம்" என்று என் மனைவி கிசுகிசுத்தாள். "கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"ஃபேன் சுத்துதேக்கா."

"அத அணைடா மொதல்ல!"

அவன் அணைக்கவில்லை. போய்க் கதவைத் திறந்தான்.

மருத்துவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். துணிப்பையில் நான்கு இசைத்தட்டு. முழங்கைக்குக் கீழே பூனைகள் கீறிய கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் கன்னாபின்னாவென்று. அவற்றைப் பன்னிரண்டு நாள் இவன் எப்படிப் பொறுத்துக்கொண்டான் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சீக்கிரம் வந்துட்டேனா? காலைல ஒரு கன்னுக்குட்டி, நெனச்சதுக்கு முன்னாடியே எழுந்து நின்னுடுச்சு."

"வாங்க டாக்டர், உக்காருங்க. உங்களைப் பத்தி இவன் சொல்லாத நாளே இல்ல" என்றாள் என் மனைவி. அவன் சொன்ன மொத்த வார்த்தைகளை அவள் விரலை மடக்கி எண்ணிவிடலாம். "இந்தப் பெட்டிகூடப் பாருங்க, முழுக்க முழுக்க இவனே..."

"இல்ல" என்றான் மச்சான்.

என் மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் ரிப்பேர் பண்ணல. உங்ககிட்ட சொன்னது பொய். அத்தான்தான் பண்ணினாரு. நல்லாத்தான் பண்ணியிருந்தாரு. நேத்து நான் ஒண்ணைத் திருப்பி வெச்சுக் கெடுத்துட்டேன். இப்ப இது பாடாது." மூச்சு வாங்கினான். "பாடினாலும் நான் பண்ணினது இல்ல."

அவன் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒன்று வந்து நான் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

மருத்துவர் உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. அவனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை நான் பயந்த அதே வரிசை, திசை மட்டும் மாறியிருந்தது.

"எதைத் திருப்பினீங்க?" என்றார்.

அவன் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார்.

"எதுக்கு?"

"ரெண்டும் ஒரே பக்கம் பார்க்கலைன்னு."

"அது சரி. பொய் எதுக்கு?"

நான் உதவிக்குப் போகலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி என் காலை மிதித்தாள்.

"வேலை முடிஞ்சுடுச்சு" என்றான் கடைசியில். "தரையெல்லாம் போட்டு முடிச்சாச்சு. அதுக்கு மேல உங்ககிட்ட சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதான்."

மருத்துவர் பையை இறக்கி நாற்காலியில் வைத்தார். என் மனைவி விட்ட மூச்சு என் தோளில் பட்டது.

"என்கிட்ட தினம் இருபது பேர் வருவாங்க சார்" என்று என்னிடம் திரும்பினார். "நாய் ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்னு சத்தியம் பண்ணுவாங்க. நாய் மீசைல சாக்லேட் ஒட்டிக்கிட்டிருக்கும். நாய்தான் காட்டிக்கொடுக்கணும், இவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. தானா வந்து சொன்ன ஆள இப்பத்தான் பாக்கறேன்." பிறகு மச்சானிடம், "அந்தக் குழாய்க்காரங்கள்ல முதல் ஆளே இப்படி உண்மையச் சொல்லியிருந்தா, நான் ஆளை மாத்தியிருக்கவே மாட்டேன்" என்றார். "சரி. இது பிழைக்குமா?"

"பிழைக்கும்" என்றேன் நான். இதைச் சொல்லத்தானே காத்துக்கொண்டிருந்தேன். "பத்து நிமிஷம். ஆனா நான் ஈயம் வைக்கப் போறதில்ல. மச்சான், நீ வை. உன் கை என் கையைவிட நல்லா இருக்கு."

"நானா?"

"இந்தத் தடவை எதிரெதிரா."

இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மருத்துவர் கேட்காமலே டார்ச்சை எடுத்து, அவன் கை நிழல் விழாத கோணத்தில் பிடித்தார். எத்தனையோ தையலுக்கு வெளிச்சம் பிடித்த கை, ஒரு துளி அசையவில்லை. அவன் சூடான கெப்பாசிட்டரைக் கழற்றினான். கிழவனை எடுத்து, கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி, துளைக்குள் இறக்கினான். அப்படி வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேண்டுமென்றே ஒரு டைலைக் கோணலாகப் பதிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. புதியதும் பழையதும் உயரத்தில்கூட ஒன்றாக இல்லை, ஒன்று அரை விரல் தூக்கலாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஈயம் வைத்தான். இரண்டு முத்து.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கங்க" என்று அவனிடம் மெதுவாகச் சொன்னார் மருத்துவர். "பாக்காம இருந்தாப் பழகிடும்." அவன் சிரித்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு இருவரும் வேறு எங்கோ பார்த்தோம்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு கண்ணைத் திறந்தது, திறந்த வேகத்தில் மங்கியது. மீட்டரில் மேலே நாற்பது, கீழே நாற்பது. பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகினேன். நீல வெளிச்சம் வந்தது. நான்கைந்து நொடி கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், பெட்டி தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, சரி, பேசலாம் என்று முடிவெடுக்கிற சத்தம். ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. ஆறு வருடம் இருந்த விக்கல் போன இடம் தெரியவில்லை.

"வேலை செய்யலையா?" என்றாள் மனைவி.

"இதுதான் வேலை செய்யறது."

மருத்துவர் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தார். ஊசியை இறக்கினேன். முதலில் கீறல்களின் சத்தம், பிறகு ஒரு பெண் குரல், அறைக்கு நடுவில் வந்து நின்று பாடுகிற மாதிரி. எட்டு வருடமாக அலமாரியில் நின்றிருந்த தட்டாம். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். மச்சான் சுவரோரம் நின்று அவர் கேட்பதைப் பார்த்தான். நான்கு தட்டும் இரண்டு பக்கமும் ஓடின. பிஸ்கட் தட்டு வந்தது, யாரும் அதை வரிசையாக்கவில்லை.

ஒரு மணிக்கு அவர் கிளம்பினார். தட்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. என் மனைவி முகம் சட்டென்று சுருங்கியதைப் பார்த்தேன். வாசல்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே மச்சானிடம் கேட்டார்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வரீங்களா?"

"வரேங்க. என்ன வேலை? எதெது எடுத்துட்டு வரணும்?"

"வேலை ஒண்ணும் இல்ல. எதுவும் எடுத்துட்டு வர வேண்டாம். சும்மா வாங்க."

போய்விட்டார். அவன் கதவைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றான். மூடியைப் போட்டு நான் எட்டு திருகாணியையும் முடுக்கி முடிக்கும் வரை அப்படியே நின்றான். பிறகு உள்ளே வந்தான். முகம் முழுக்கக் கவலை.

"அத்தான்."

"சொல்றா."

"வேலை இல்லாம ஒருத்தர் வீட்டுக்குப் போனா, எங்க உக்காருவாங்க?"

அவன் அக்கா பக்கத்து அறைக்குள் போய்விட்டாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. நான் இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"நாற்காலிலடா" என்றேன். "அவங்க காட்டற நாற்காலில."

"தரைல இல்லையா?"

"தரையப் பாக்கவே பாக்காதே."